கட்டணமின்றி கோல்ஃப் நேரலை: இந்திய ரசிகருக்குச் சட்டப்படி எஞ்சியுள்ள வழிகள் என்ன?

புதுதில்லி: டோக்கியோ ஒலிம்பிக் போட்டியின் இறுதிக்கட்டத்தில், 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி சனிக்கிழமை காலை, இந்தியாவில் வழக்கத்துக்கு மாறான ஒரு காட்சி காணப்பட்டது. கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்திராத லட்சக்கணக்கானோர் ஒரு கோல்ஃப் ஆட்டத்தின் கடைசிக் குழிகளைப் பதற்றத்துடன் பார்த்துக்கொண்டிருந்தனர். உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்த பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக், முதல் சுற்றிலிருந்தே பதக்க வாய்ப்பைத் தக்கவைத்திருந்தார். மழை அச்சுறுத்தலால் ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் தொடங்கியது. நான்கு சுற்றுகளில் 269 ஸ்ட்ரோக்குகள், அதாவது நிர்ணய அளவைவிட 15 குறைவு என்ற கணக்கில் அவர் 4-ஆவது இடத்தைப் பெற்றார். ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவியது.

பதக்கம் கிடைக்கவில்லை என்றாலும், இந்திய கோல்ஃப் வரலாற்றில் அந்தக் காலைப்பொழுதுக்குத் தனி இடம் உண்டு. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த ஓர் ஆட்டம், பொதுமக்களின் பேச்சுப்பொருளானது. பேர்டி என்றால் என்ன, பார் என்றால் என்ன என்ற கேள்விகள் சமூக ஊடகங்களில் நிறைந்தன. ஆனால், அடுத்த வாரமே கோல்ஃப் மீண்டும் பெரும்பாலான இந்தியர்களின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. அதிதி அசோக் தொடர்ந்து விளையாடிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆட்டங்களைக் காணும் வாய்ப்பு, அதற்கெனச் சந்தா செலுத்துவோரிடம் மட்டுமே இருந்தது.

தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நேரலையில், சட்டத்துக்கு உட்பட்டு, கட்டணம் செலுத்தாமல் காண இந்திய ரசிகருக்கு என்ன வழிகள் உள்ளன? பார்வைக்குச் சிறிய கேள்வி இது. ஆயினும் ஒளிபரப்புச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், கைபேசிச் சந்தையின் போக்கு ஆகிய மூன்றும் இதில் ஒன்றுசேர்கின்றன. கிரிக்கெட் அல்லாத ஒவ்வொரு விளையாட்டும் எதிர்காலத்தில் எதிர்கொள்ளவிருக்கும் நிலையை கோல்ஃப் முன்கூட்டியே காட்டுகிறது எனலாம்.

கோல்ஃபும் வண்ணத் தொலைக்காட்சியும்

இந்தியாவில் கோல்ஃபுக்கும் பொதுத் தொலைக்காட்சிக்கும் உள்ள தொடர்பு பலர் நினைப்பதைவிடப் பழைமையானது. புதுதில்லியில் 1982-ஆம் ஆண்டு நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் கோல்ஃப் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்புக்கு மாறியது. ஆசிய விளையாட்டுப் போட்டியே அந்த மாற்றத்துக்கு முக்கிய உந்துதலாக அமைந்தது. அப்போட்டியில் லட்சுமண் சிங் தனிநபர் தங்கம் வென்றார். அணிப் பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. 2002-இல் பூசானில் சிவ் கபூர் மீண்டும் தங்கம் வென்றார். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2023 அக்டோபர் 1-ஆம் தேதி அதிதி அசோக் வெள்ளி வென்று, ஆசிய விளையாட்டுப் போட்டியின் கோல்ஃபில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பைப் பெற்றார்.

இந்தத் தருணங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை அனைத்தும் பல விளையாட்டுகளை உள்ளடக்கிய பெருவிழாக்களில் நிகழ்ந்தவை. கோல்ஃபுக்கென நடைபெறும் தனித் தொடர்களில் இந்தியர்கள் பெற்ற வெற்றிகள் இவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அர்ஜுன் அத்வால் 2010-இல் அமெரிக்காவின் பிஜிஏ டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியரானார். அனிர்பன் லாஹிரி 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 5-ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும், இவ்வெற்றிகளை நேரலையில் கண்ட இந்தியர்கள் மிகக் குறைவு. ஒலிம்பிக்கில் பெற்ற நான்காவது இடம் நினைவில் நிற்பதற்கும், அமெரிக்காவில் பெற்ற முதலிடம் மறக்கப்பட்டதற்கும், யார் பார்க்க முடிந்தது என்பதும் ஒரு காரணம்.

சட்டம் எதைத் தருகிறது?

இந்தியாவில் இலவச விளையாட்டு ஒளிபரப்புக்கான சட்ட அடித்தளம் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருந்து தொடங்குகிறது. வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் இடையே, 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு தொடர்பாக எழுந்த வழக்கு அது. அலைக்கற்றை பொதுச்சொத்து, அது பொதுநலனுக்காகவே பயன்படுத்தப்பட வேண்டும் என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒளிபரப்பில் அரசின் ஏகபோகம் முடிவுக்கு வர வழிவகுத்த இத்தீர்ப்பு, பார்வையாளரின் உரிமையையும் கருத்துரிமையின் ஓர் அங்கமாக ஏற்றது.

தனியார் அலைவரிசைகள் விளையாட்டு உரிமங்களைப் பெருமளவில் வாங்கத் தொடங்கிய பின்னர், 2007-இல் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகளைப் பிரசார் பாரதியுடன் கட்டாயமாகப் பகிர்வதற்கான சட்டம் இயற்றப்பட்டது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரலைச் சமிக்ஞையை, உரிமம் பெற்ற நிறுவனம் தூர்தர்ஷனுக்கு வழங்க வேண்டும் என்பதே அதன் சாரம். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் 75 சதவீதத்துக்குக் குறையாத பங்கு உரிமம் பெற்ற நிறுவனத்துக்கும், எஞ்சியது பிரசார் பாரதிக்கும் சேரும்.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் போட்டிகள் இந்த அறிவிக்கைகளில் இடம்பெற்றுள்ளன. இந்திய அணி ஆடும் கிரிக்கெட் ஆட்டங்கள், உலகக் கோப்பை ஹாக்கி, உலகக் கோப்பைக் கால்பந்தின் முக்கிய ஆட்டங்கள், கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் இறுதியாட்டங்கள் போன்றவையும் உள்ளன. கோல்ஃப் மட்டும் தனி விளையாட்டாக இடம்பெறவில்லை. எனவே, ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டிலோ கோல்ஃப் ஆடப்படும் நாள்களில் மட்டுமே அது இச்சட்டத்தின் நிழலுக்குள் வருகிறது. இந்தியாவிலேயே, இந்தியாவின் பெயரிலேயே நடைபெறும் இந்தியன் ஓபன் தொடருக்குக்கூட அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது?

பட்டியலில் இடம்பெற்றாலும் முழுப் பயன் கிடைத்துவிடுவதில்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பகிரப்படும் சமிக்ஞையைப் பிரசார் பாரதி தனது தரைவழி ஒளிபரப்பிலும் டிடி ஃப்ரீ டிஷ் சேவையிலும் மட்டுமே பயன்படுத்த முடியும் என வரையறுத்தது. தனியார் கேபிள், டிடிஎச் சந்தாதாரர்கள் தங்கள் இணைப்பில் வரும் தூர்தர்ஷன் அலைவரிசை வழியாக அந்த ஆட்டங்களைக் காண இயலாது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் மிகப்பெரும்பாலானவை தற்போது மூடப்பட்டுவிட்டன. நடைமுறையில் எஞ்சியிருப்பது ஃப்ரீ டிஷ் மட்டுமே. ஆன்டெனாவும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதால், கிராமப்புறங்களில் பெரிதும் பரவியுள்ள இச்சேவை 4 கோடிக்கும் அதிகமான வீடுகளை எட்டுவதாக மதிப்பிடப்படுகிறது.

இன்னொரு முக்கியமான இடைவெளியும் உள்ளது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தரைவழி ஒளிபரப்பு, டிடிஎச் ஆகிய இரண்டை மனதில் கொண்டே எழுதப்பட்டது. அப்போது கைபேசியில் நேரலை காண்பது கற்பனைக்கு எட்டாத செய்தி. இன்று இளம் ரசிகர்களில் பெரும்பாலோர் விளையாட்டைப் பார்ப்பது கைபேசியில்தான். சட்டம் உறுதியளிக்கும் இலவச ஒளிபரப்பு அந்தத் திரையை எட்டுவதில்லை. பொதுச்சொத்து என நீதிமன்றம் சொன்னது அலைக்கற்றையை. இணைய வழியில் பாயும் காட்சிக்கு அந்தத் தர்க்கம் இன்னும் நீட்டிக்கப்படவில்லை.

2024 நவம்பரில் கோவாவில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் ஓடிடி தளம், தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கைபேசிக்குக் கொண்டுவந்துள்ளது. எனினும், கட்டாயப் பகிர்வின் கீழ் பெறப்படும் விளையாட்டுச் சமிக்ஞையை அங்கு தாமாகவே ஒளிபரப்பும் உரிமையைச் சட்டம் தரவில்லை. இணைய உரிமத்தைத் தனியே வாங்கினால் மட்டுமே அது சாத்தியம்.

கோல்ஃப் ஒளிபரப்புக்குச் செலவு ஏன் அதிகம்?

கோல்ஃப் நேரலைக்குக் கட்டணம் விதிக்கப்படுவதன் பின்னால் தயாரிப்புச் செலவும் உள்ளது. கிரிக்கெட்டில் ஒரே மைதானம், ஒரே பந்து. கோல்ஃபில் நூறு ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் 18 குழிகளில், முதல் இரு நாள்களில் சுமார் 150 வீரர்கள் மூவர் மூவராகப் பிரிந்து ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பர். பத்து இடங்களில் ஒரே நொடியில் முக்கியமான அடிகள் விழக்கூடும். கோபுரக் கேமராக்கள், நடந்துகொண்டே படம்பிடிப்போர், பந்தின் பாதையைக் கண்காணிக்கும் கருவிகள், இவை அனைத்தையும் ஒருங்கிணைக்கும் கட்டுப்பாட்டு அறை ஆகியவை நான்கு நாள்களும் காலை முதல் மாலை வரை இயங்க வேண்டும்.

பார்வையாளர் எண்ணிக்கையோ குறைவு. ஆனால் அவர்களின் வாங்கும் திறன் அதிகம். பெரும் கூட்டத்துக்கு விளம்பரம் காட்டி ஈட்டுவதைவிட, சிறு கூட்டத்திடம் சந்தாவாகப் பெறுவது உரிமம் வாங்கும் நிறுவனத்துக்கு ஆதாயமானது. இந்தியாவில் இதனுடன் நேர வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. ரோரி மெக்கில்ராய் 2025 ஏப்ரல் 13-ஆம் தேதி அமெரிக்காவின் அகஸ்டாவில் பிளே-ஆஃப் சுற்றில் ஜஸ்டின் ரோஸை வீழ்த்தி, நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற ஆறாவது வீரரானபோது, இந்தியாவில் திங்கள்கிழமை அதிகாலை. அந்த நேரத்தில் விளம்பரதாரர்களை ஈர்ப்பது எளிதல்ல.

அமைப்பாளர்கள் திறக்கும் வழிகள்

சட்டம் கைகொடுக்காத இடத்தில், போட்டி அமைப்பாளர்களின் வணிகக் கணக்கு சில வழிகளைத் திறந்துள்ளது. இதில் முன்னோடி, அகஸ்டாவில் நடைபெறும் மாஸ்டர்ஸ் தொடர். அதன் அதிகாரபூர்வ இணையதளமும் செயலியும், தேர்ந்தெடுக்கப்பட்ட சில வீரர் குழுக்களின் ஆட்டத்தையும், 'ஏமன் கார்னர்' எனப்படும் புகழ்பெற்ற 11, 12, 13-ஆவது குழிகளின் காட்சியையும் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றி நேரலையாக வழங்கிவருகின்றன. 2019 முதல் ஏறத்தாழ ஒவ்வொரு வீரரின் ஒவ்வொரு அடியும் சிறிது நேரத்தில் காணொலியாக அங்கு பதிவேற்றப்படுகிறது. எந்த நேரலை எந்த நாட்டில் கிடைக்கும் என்பது அந்தந்த நாட்டின் உரிம ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறும். தொலைக்காட்சியிலும் மணிக்கு நான்கு நிமிட விளம்பரமே போதும் எனக் கட்டுப்படுத்தும் அகஸ்டா நிர்வாகத்துக்கு, உடனடி வருவாயைவிடத் தனது பெயரின் மதிப்பே பெரிது.

இரண்டாவது வகை, புதிதாகச் சந்தையில் நுழைவோர் தரும் இலவசம். சவூதி அரேபிய முதலீட்டு நிதியத்தின் ஆதரவுடன் 2022 ஜூனில் லண்டனுக்கு அருகே தொடங்கிய லிவ் கோல்ஃப், தனது முதல் ஆண்டு ஆட்டங்களை யூடியூபில் அனைவருக்கும் இலவசமாக ஒளிபரப்பியது. அந்த ஆகஸ்டில் அனிர்பன் லாஹிரியும் அதில் இணைந்ததால், ஓர் இந்திய வீரரின் ஆட்டத்தை எந்தச் சந்தாவும் இன்றிக் காணும் அரிய வாய்ப்பு இந்திய ரசிகர்களுக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தொலைக்காட்சி ஒப்பந்தம் கிடைத்ததும், இணைய ஒளிபரப்பின் வடிவம் மாறியது. கவனத்தை ஈர்க்கும் வரை இலவசம், கவனம் கிடைத்த பின் ஒப்பந்தம் என்பதே அதன் பாதை.

இந்தியச் சந்தையிலும் இதே போக்கு காணப்பட்டது. ஜியோ சினிமா 2022 உலகக் கோப்பைக் கால்பந்தையும், 2023 ஐபிஎல் தொடரையும் இலவசமாக ஒளிபரப்பியது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கும் அதில் கட்டணமின்றிக் கிடைத்தது. ஒரே நேரத்தில் பல விளையாட்டுகளைத் தனித்தனியே காணும் வசதி இருந்ததால், சுபாங்கர் சர்மா, ககன்ஜீத் புல்லர், அதிதி அசோக், தீக்ஷா டாகர் ஆகியோர் பங்கேற்ற கோல்ஃபையும் விரும்பியோர் பார்க்க முடிந்தது. ஆனால், 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் உருவான பின்னர், முழு ஐபிஎல் தொடருக்கான வரம்பற்ற இலவசம் முடிவுக்கு வந்தது. போட்டியாளர்கள் இருந்தபோது கிடைத்த சலுகை, போட்டி மறைந்ததும் சுருங்கியது. சந்தை தரும் இலவசம் உரிமையல்ல. எந்நேரமும் திரும்பப் பெறக்கூடிய சலுகை.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. அங்கு பிஜிஏ டூரின் பல தொடர்களில் வார இறுதிச் சுற்றுகள் சிபிஎஸ், என்பிசி ஆகிய பொது அலைவரிசைகளில் வருகின்றன. வீட்டில் ஆன்டெனா பொருத்தியவர் எந்தச் சந்தாவும் இன்றி அவற்றைக் காணலாம். மாஸ்டர்ஸ் தொடரை 1956 முதல் சிபிஎஸ் ஒளிபரப்பிவருகிறது. வார நாள்களின் ஆட்டங்களும் கூடுதல் நேரலைகளும் கட்டணச் சேவைகளுக்குச் சென்றுவிட்டாலும், முக்கியமான கடைசி மணி நேரங்கள் பொதுவெளியில் தொடர்கின்றன.

பிரிட்டனின் அனுபவம் எச்சரிக்கையாக அமைந்தது. 1955 முதல் அறுபது ஆண்டுகள் பிபிசியில் இலவசமாக வந்த ஓபன் சாம்பியன்ஷிப் நேரலை, 2016-இல் கட்டண அலைவரிசையான ஸ்கை ஸ்போர்ட்ஸுக்கு மாறியது. அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விளையாட்டுகள் இரு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒலிம்பிக், விம்பிள்டன் இறுதியாட்டம் போன்றவை உள்ள முதல் பிரிவுக்கு இலவச நேரலை உறுதி. ஓபன் கோல்ஃபும் ரைடர் கோப்பையும் இரண்டாம் பிரிவில் உள்ளன. அவற்றுக்குச் சுருக்கத் தொகுப்பு போன்ற இரண்டாம் நிலை ஒளிபரப்பு மட்டுமே உறுதி. போட்டியை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு, பெரியவர் ஒருவருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட சிறாருக்கு மைதானத்தில் இலவச அனுமதி அளிக்கிறது. புதிய தலைமுறை ஆட்டத்தைப் பார்க்காவிட்டால் அதற்கு எதிர்காலம் இல்லை என்பதை அந்த அமைப்பும் உணர்ந்தே உள்ளது.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய நடுவழி இல்லை. ஒரு போட்டி பட்டியலில் இருந்தால் முழு நேரலை. இல்லாவிட்டால் எதுவும் இல்லை. பிரிட்டனைப் போல சுருக்கத் தொகுப்பையாவது உறுதிசெய்யும் இரண்டாம் பிரிவு இங்கும் இருந்தால், கோல்ஃப் போன்ற விளையாட்டுகளுக்கு அது பயனளிக்கும்.

'இலவசம்' என்ற பெயரில் வரும் ஆபத்து

சட்டபூர்வமான வழிகள் குறுகும்போது, சட்டவிரோத வழிகள் பெருகுவது இயல்பு. பெரிய தொடர்கள் நடைபெறும் வாரங்களில் சமூக ஊடகங்களிலும் டெலிகிராம் குழுக்களிலும் இலவச நேரலை என்ற பெயரில் இணைப்புகள் பரவுகின்றன. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 37-ஆவது பிரிவு, ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு 25 ஆண்டு கால மறுஒளிபரப்பு உரிமையை வழங்குகிறது. அதைத் தெரிந்தே மீறுவோருக்கும் மீற உதவுவோருக்கும் 63-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். முகம் தெரியாத தள நடத்துநர்களுக்கு எதிராக, 'அசோக் குமார் உத்தரவு' என அழைக்கப்படும் தடைகளை நீதிமன்றங்கள் பிறப்பித்துவருகின்றன. தடை செய்யப்பட்ட தளம் புதிய முகவரியில் தோன்றினால் அதையும் உடனுக்குடன் முடக்கும் வகையில், தில்லி உயர் நீதிமன்றம் 2019 முதல் இத்தகைய உத்தரவுகளை விரிவுபடுத்தியுள்ளது.

பார்வையாளருக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் வேறு வடிவில் வருகிறது. நேரலைக்காக ஒரு செயலியை வெளியிலிருந்து பதிவிறக்கச் சொல்வது, இலவசம் என அறிவித்துவிட்டு வயதைச் சரிபார்க்க வங்கி அட்டை எண்ணைக் கேட்பது ஆகியவை மோசடியின் தெளிவான அடையாளங்கள்.

விபிஎன் மூலம் வேறொரு நாட்டில் இருப்பதுபோல் காட்டி அந்நாட்டின் இலவச ஒளிபரப்பைக் காணலாம் என்ற ஆலோசனையும் பரவலாக உள்ளது. இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என எந்தப் பொதுச் சட்டமும் கூறவில்லை. ஆனால், குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டுமே உரிமம் பெற்ற ஒளிபரப்பை இவ்வாறு காண்பது அந்தச் சேவையின் நிபந்தனைகளை மீறுவதாகும். அதைச் சட்டபூர்வமான வழி எனச் சொல்வது பொருந்தாது.

நம்பகமான வழியை அறிவது கடினமன்று. ஒவ்வொரு தொடரின் அதிகாரபூர்வ இணையதளத்திலும், அந்தந்த நாட்டில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் வெளியிடப்படுகிறது. அமைப்பாளரின் உறுதிசெய்யப்பட்ட யூடியூப் பக்கத்தில் நேரலை இருந்தால், அது இந்தியாவில் திறந்தால், அதைக் காண்பதில் தடை ஏதும் இல்லை. உரிமம் பெற்ற செயலிகள் சில தருணங்களில் குறிப்பிட்ட ஆட்டங்களை இலவசமாகத் திறப்பதுண்டு. நேரலை கிடைக்காத வேளையில், பிஜிஏ டூர் போன்ற அமைப்புகளின் செயலிகளில் ஒவ்வொரு அடியையும் பின்தொடரும் புள்ளிப்பலகையும், ஆட்டம் முடிந்த பின் வெளியாகும் சுருக்கக் காணொலியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இதில் யாருடைய நலன் அடங்கியுள்ளது?

பணம் உள்ளவர் பார்க்கும் விளையாட்டை இலவசமாக்க அரசு ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி எழக்கூடும். இந்திய கோல்ஃபின் வரலாறே அதற்கு விடை தருகிறது. 1964-இல் தொடங்கிய இந்தியன் ஓபனில் பட்டம் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், தில்லி கோல்ஃப் கிளப்பில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர். 1991-இல் அவர் அப்பட்டத்தை வென்றார். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூருவில் கேடியாக இருந்தவர். 2016, 2017 என இரு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்ற எஸ்.எஸ்.பி.சௌரசியாவின் தந்தை, 1829-இல் நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர்.

இவர்கள் ஆட்டத்தைக் கற்றது வேலியின் உட்புறம் வேலை செய்த வாய்ப்பால். கிளப் உறுப்பினர் கட்டணம் செலுத்தும் நிலையில் அவர்களின் குடும்பங்கள் இல்லை. கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே பிறக்காத பிள்ளைக்கு, அந்த ஆட்டம் இருப்பதே தெரியவரும் ஒரே இடம் திரை. அந்தத் திரைக்கும் கட்டணம் விதிக்கப்பட்டால், ஏற்கெனவே குறுகிய நுழைவாயில் மேலும் குறுகும்.

2025 அக்டோபரில் தில்லி கோல்ஃப் கிளப்பில் 40 லட்சம் டாலர் பரிசுத்தொகையுடன் டிபி வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப் நடைபெற்றது. மெக்கில்ராய், விக்டர் ஹோவ்லண்ட், ஷேன் லோரி ஆகியோர் பங்கேற்ற அத்தொடரில், நிர்ணய அளவைவிட 22 ஸ்ட்ரோக்குகள் குறைவாக ஆடி டாமி ஃப்ளீட்வுட் பட்டம் வென்றார். உலகின் முன்னணி வீரர்கள் தலைநகரின் மையத்துக்கே வந்து ஆடிய போட்டி அது. அந்த அளவிலான ஒரு நிகழ்வுக்கும் கட்டாயப் பகிர்வுச் சட்டம் பொருந்தவில்லை.

மறுபக்க வாதமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. 2025 இந்தியன் ஓபனின் 22.5 லட்சம் டாலர் போன்ற பரிசுத்தொகைகள் விளம்பரதாரர்களாலும் ஒளிபரப்பு வருவாயாலும் சாத்தியமாகின்றன. எல்லாத் தொடர்களையும் கட்டாயமாகப் பகிர வேண்டும் என்றால், உரிமத்தின் மதிப்பு சரியும். ஏற்கெனவே சிறிய சந்தையான இந்தியாவைச் சர்வதேச அமைப்புகள் தவிர்க்கவும் கூடும். எனவே, அனைத்தையும் இலவசமாக்குவது நடைமுறைத் தீர்வாகாது.

நடைமுறைக்கு உகந்தவை சிறிய மாற்றங்களே. இந்திய மண்ணில் நடைபெறும் தேசிய ஓபன் போட்டிகளின் கடைசி நாள் ஆட்டத்தையேனும் ஃப்ரீ டிஷ்ஷில் காட்டலாம். இந்தியன் ஓபன் போன்ற தொடர்களுக்கு இந்திய உரிமத்தின் விலை கிரிக்கெட்டோடு ஒப்பிடத்தக்கதல்ல. பிரசார் பாரதி பேச்சுவார்த்தை மூலமே அதைப் பெற முயலலாம். கட்டாயப் பகிர்வின் வரையறையில் பிரசார் பாரதியின் சொந்த இணையத்தளத்தையும் சேர்ப்பது பற்றி நாடாளுமன்றம் விவாதிக்கலாம். இவை கோல்ஃபுக்கு மட்டுமன்றி, துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை, தடகளம் என ஒலிம்பிக் முடிந்ததும் கண்ணில் படாமல் போகும் எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தும்.

அடுத்த வாய்ப்பு தொலைவில் இல்லை. ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை நடைபெறும் என அட்டவணையிடப்பட்டுள்ளது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருவரும் இணைந்து ஆடும் கலப்புப் பிரிவும் கோல்ஃபில் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அந்த நாள்களில் சட்டம் மீண்டும் இந்தியரின் வீட்டுக்கு கோல்ஃபைக் கொண்டுவரும். ஒரு வாரம் நாடே பேர்டிகளை எண்ணக்கூடும். அதற்கடுத்த வாரம் அதே வீரர்கள் ஆடும்போது அவர்களைக் காண வழி இருக்குமா என்பது, 2007-இல் ஆன்டெனாவை மனதில் கொண்டு எழுதப்பட்ட ஒரு சட்டம் கைபேசிக் காலத்துக்கு ஏற்பத் திருத்தப்படுவதைப் பொறுத்தே அமையும்.